கோணலாக எறியுங்கள், அக்கா

கொட்டாஞ்சேனை,
12 பெப்ரவரி 1997.

அந்தோனியார் துணை.

அன்புள்ள தம்பி லாசுக்கு,

அக்கா கொறற்றி எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, இடுப்பு நோவு மட்டும் வழக்கம்போல என்னோடுதான் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா, நித்திரை வருகிறதா என்று ஒளிக்காமல் எழுது. உனக்கு முன்னே இந்தக் கடிதத்தை வாசிக்கப்போகிற ஐயாவுக்கும் என் வணக்கம். அவர் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். லோயர் சிவானந்தனைத் தவிர வேறு யாரும் உன்னைப் பார்க்கக்கூடாதாம். சோற்றுப் பார்சலை மட்டும் வாங்கி வைத்தார்கள். கிடைத்ததா?

விஷயம் இதுதான். வெள்ளவத்தை லொட்ஜில் உன் அலுமாரிக்கு மேலே கிடந்த அந்த வாலில்லாத விமானத்தை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகப் பொலிஸ் துண்டு துண்டாக உடைத்தது. பெட்டிச் சாமான் உடையாமல் அடைக்கிற அந்த வெள்ளை ரெஜிபோமுக்குள்ளே ரெஜிபோம்தான் இருந்தது. அப்படியும் அவர்களுக்கு மனம் ஆறவில்லை. சுவரில் நீ ஒட்டியிருந்த வரைபடத்தை நீதவான் கோட்டில் காட்டி, "வாலில்லாமல் ஒன்றும் பறக்காது. ஆகவே இது விளையாட்டுச் சாமான் இல்லை, வேறு எதிலோ பூட்டுகிற பாகம்" என்று ஒரு இன்ஸ்பெக்டர் சொன்னார். சிவானந்தன் எழும்பி, "பறக்கும்" என்றார். நீதவான் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "வரைபடத்தில் உள்ளபடியே ஒன்று செய்து என் கண்முன்னே பறக்க விடுங்கள், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்.

பறந்தால் உன்னை மறித்து வைத்திருக்க அவர்களிடம் வேறு ஒன்றும் இல்லை. பறக்காவிட்டால் என்ன என்பதை நான் எழுதமாட்டேன்.

வரைபடத்தின் பிரதியை வாங்கிவிட்டேன். செய்யப்போவது நான்தான். சிரிக்காதே. ஒருகொடவத்தை ஸ்ரோரில் இத்தனை வருடமாகக் கொள்கலன் சாமான்களைச் சரிபார்க்கிற எனக்கு வெறும் இறக்கை மட்டுமான ஒரு செட்டையைச் செய்ய வராதா? எப்படி வெட்டுவது, எப்படி ஒட்டுவது, எல்லாம் எழுது.

உன் அக்கா,
மரியகொறற்றி.


மறியற்சாலை,
9 மார்ச் 1997.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், நீங்கள் யோசிக்க வேண்டாம். பார்சல் கிடைத்தது. கருவாட்டுப் பொரியலை எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். உங்கள் கைப்பக்குவத்துக்கு இங்கே இப்போது ஒரு கூட்டமே இருக்கிறது.

எழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மீன் ரின்னின் தகர மூடி ஒன்று வலக்கை விரலை வெட்டிவிட்டது. நான் சொல்லச் சொல்ல, பக்கத்தில் படுக்கிற வேலுசாமி எழுதுகிறார். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். இவருடைய எழுத்து என்னுடையதைவிட வடிவு என்று நீங்களே சொல்வீர்கள்.

ரெஜிபோம் பலகையை வரைபடத்தின் அளவுக்கு வெட்டுங்கள். முன்விளிம்பு உருண்டையாக, பின்விளிம்பு மெல்லியதாக வரவேண்டும். வெட்டுவதற்கு ███████████████████████ வைத்துச் சூடாக்கி ██████████. பிறகு மண்ணிறத் தாளைப் பசை பூசி ஒட்டினால் உறுதியாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வாசிக்கிற ஐயாவுக்குத் தெரிந்தாலும் தெரியட்டும். சிவானந்தன் ஐயாவுக்கும் இதைச் சொல்லவில்லை. அது நேராகப் பறந்ததே இல்லை அக்கா. வெள்ளவத்தைக் கடற்கரையில் விடிய விடிய எறிந்து பார்த்திருக்கிறேன். கொஞ்சத் தூரம் அழகாகப் போகும். பிறகு மூக்கு ஒரு பக்கம் திரும்பும். வால் இருந்தால் அது மூக்கை இழுத்து நேராக்கும். இதில் இழுக்க ஒன்றும் இல்லை, திரும்பிய மூக்கு திரும்பியபடியே போய்ச் சுழன்று விழும். இன்ஸ்பெக்டர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நாம்தான் பிழையாக்க வேண்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
ஸ்ரனிஸ்லாஸ்.

அக்காவுக்கு வணக்கம். அவர் சொல்றத ஒரு எழுத்து மாத்தாம எழுதியிருக்கேன். – வேலுசாமி.


கொட்டாஞ்சேனை,
6 ஏப்ரல் 1997.

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம், வீடு சுகம், பக்கத்து வீட்டு நளீபாவும் அவளுடைய உம்மாவும் உன்னை விசாரித்தார்கள். உம்மா கால் முறிந்து படுக்கையில் இருக்கிறார். படுத்தபடியே முழுத் தெருவையும் நடத்துகிறார். உன் விரல் ஆறிவிட்டதா? வேலுசாமித் தம்பிக்கும் என் அன்பைச் சொல்லு.

நேராகப் பறக்காத ஒன்றுக்காகவா நீ உள்ளே இருக்கிறாய் என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாத்திரத்தை எல்லாம் சத்தமாகக் கழுவினேன். கழுவி முடியும்போது கோபமும் முடிந்தது.

நீ எழுதிய செய்முறையில் நடு வரிகளைக் கறுப்பு மையால் பூசி அனுப்பியிருந்தார்கள். வாசிக்கிற ஐயா, உங்களைக் குறை சொல்லவில்லை, உங்கள் வேலை அது. ஆனால் நீங்கள் மறைத்தது எதுவாக இருந்தாலும், நான் அது இல்லாமல் அரத்தாள் வைத்துத் தேய்த்தே உருவாக்கிவிட்டேன். ஸ்ரோர் பொறுப்பாளர் பௌஸி, ஜப்பான் மெஷின்கள் வந்த பெட்டிகளிலிருந்து ரெஜிபோம் தந்தார். வேலை முடிந்த பிறகு நீளக் கொட்டிலையும் திறந்து விடுகிறார். வெளியே எறிய முடியுமா இந்தக் காலத்தில்? கூரைக்குக் கீழே, கதவைச் சாத்திக்கொண்டு எறிகிறேன்.

நீ சொன்னது போலவேதான். கொஞ்சத் தூரம் போகிறது, மூக்கு திரும்புகிறது, சுற்றிச் சுற்றி விழுகிறது. பௌஸி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "கொறற்றி மிஸ், நாய் வாலத் தேடிச் சுத்துற மாதிரித்தான் இதுவும் சுத்துது. ஒரு வால வெச்சிக் குடுங்களேன் பாவத்துக்கு" என்றார்.

வைத்துப் பார்த்தேன். கடதாசி மட்டையில் சின்னதாக இரண்டு வால் வெட்டி, இரண்டு நுனியிலும் குத்தி வைத்தேன். நேராகப் போனது. சந்தோஷத்தோடு சிவானந்தனிடம் ஓடினேன். மனுசன் வரைபடத்தைத் தட்டிக் காட்டி, "இதில் இருக்கிறதா? ஒரு நெருப்புக்குச்சி கூடினாலும் இது வேறு சாமான் என்று சொல்லிவிடுவார்கள்" என்றார். பிடுங்கி எறிந்தேன். வேறு வழி சொல்லு.

அன்புடன் அக்கா.


மறியற்சாலை,
4 மே 1997.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நளீபாவின் உம்மாவுக்கு என் சலாம். இங்கே மழை, கூரை ஒழுகுகிறது, வேலுசாமி கடிதத்தை நனையாமல் மடிக்குள் வைத்து எழுதுகிறார்.

மூக்கில் பாரம் கூட்டிப் பாருங்கள். பாரம் முன்னுக்குப் போனால், பின்னுக்குச் சாய்ந்திருக்கிற செட்டை நுனிகளுக்குக் கொஞ்சம் பலம் கிடைக்கும், அவை மூக்கைத் திருப்பிப் பிடிக்கும். அளவுக்கு மிஞ்சினால் தலைகுப்புற விழும். வரைபடத்திலேயே மூக்கில் பாரம் வைக்கிற குழி இருக்கிறது, ஆகவே பயமில்லை.

அடுத்தது முக்கியம். நீங்கள் நிதானமாக, நேராக எறிந்து அது நேராகப் போவது போதாது. கோணலாக எறியுங்கள், அக்கா. வேண்டுமென்றே பிழையாக எறியுங்கள். மூக்கு பிழையான பக்கம் பார்க்கட்டும். பிறகு அதுவாகவே நேருக்கு வரவேண்டும். இடக்கையால் எறிந்து பாருங்கள். இடக்கையால் எறிந்தும் நேருக்கு வந்தால்தான் அது சரி.

தம்பி லாஸ்.


கொட்டாஞ்சேனை,
25 மே 1997.

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும். மூக்குக் குழியில் அம்மாவின் அந்தோனியார் சுருவத்தை, அந்தச் சின்ன ஈயச் சிலையை வைத்து, மேலே மெழுகு ஊற்றினேன். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலில் கொளுத்திய மெழுகுதிரியின் அடிக்கட்டை. பாரமும் ஆச்சு, காவலும் ஆச்சு. முன்னையைவிடத் தூரம் போகிறது. ஆனால் கோணலாக எறிந்தால் பழைய குணம்தான்.

இடக்கையால் எறியச் சொன்னாய். எறிந்தேன். பௌஸியின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் போய் விழுந்தது. எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டு எழுதத்தான் இருந்தேன். அதற்குள் சிவானந்தன் வந்து, வரைபடத்தைக் கீறியவனே எறிய வேண்டும், எறியும்போது வேறு யாரும் தொடக்கூடாது என்று நீதவான் கட்டளை போட்டிருப்பதாகச் சொன்னார். அப்படியென்றால் எனக்குப் பாதிக் கவலை விட்டது. உன் வலக்கை எறிக்குத் தப்பிய மாங்காய் கொட்டாஞ்சேனையில் உண்டா? இதைக் கேட்டதும் சிவானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

தம்பி, அந்த விரல் வெட்டு இன்னும் ஆறவில்லையா? மூன்றாவது கடிதமும் வேலுசாமியின் எழுத்திலேயே வரப்போகிறதா? பதில் எழுது.

அக்கா.


மறியற்சாலை,
29 ஜூன் 1997.

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம்.

செட்டையின் மேற்பக்கத் தாள் இரண்டு பக்கமும் ஒரே இறுக்கமாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் அந்தப் பக்கம் இழுக்கும். தாளைக் கழற்றிப் புதிதாக ஒட்டினால் நல்லது. சுருவத்தை எடுக்க வேண்டாம்.

இடக்கையால் எறிவதை விட வேண்டாம்.

லாஸ்.

அக்கா, ஒடம்ப பாத்துக்கங்க. – வேலுசாமி.


கொட்டாஞ்சேனை,
22 ஜூலை 1997.

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீ தாளைத் தடவிப் பார்க்கச் சொன்னாய். எனக்கு விளங்கிவிட்டது. அன்று பின்னேரம் நன்றாக அழுதேன், மறைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் வலக்கையால் எறியவில்லை. இனிக் கேட்கவும் மாட்டேன். பிழையாக எறிந்தாலும் நேராகப் போகிற ஒன்றை உன் இடக்கையில் கொண்டுவந்து தருவேன். அது என் பொறுப்பு.

இப்போது நடந்த கதையைக் கேள். பௌர்ணமிப் போயா லீவுக்கு ஸ்ரோர் பூட்டு. தாளைப் புதிதாக ஒட்டுவதற்காகச் செட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பசை காயவில்லை, விடியற்புறம் தெரு முழுக்கச் சுற்றிவளைப்பு. கோட்டுக் கட்டளை சிவானந்தனின் கந்தோரில். வருகிறவர்களுக்கு வாயால் சொல்லி விளங்கப்படுத்த முடியுமா? உன் அறையில் நடந்ததே என் அறையிலும் நடக்கப்போகிறது என்று கை கால் ஓடவில்லை. நளீபா பின்கதவால் வந்து, "இங்கால தாங்க அக்கா" என்று பறித்துக்கொண்டு போனாள். உம்மாவின் கட்டிலில், மெத்தைக்குக் கீழே குறுக்காக வைத்து, அதற்கு மேலே உம்மாவைக் கிடத்திவிட்டாள். உம்மாவின் உடம்பு உனக்குத் தெரியும்தானே.

ஆமிக்காரர் வந்து அலுமாரி, அரிசிப் பெட்டி, குர்ஆன் வைக்கிற தட்டு எல்லாம் பார்த்தார்கள். கட்டில் கிறீச் என்றது. ஒருவன், "மே மொகத்த?", இது என்ன என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டு குனிந்தான். உம்மா, "என்ட கால், என்ட கால்" என்று போட்ட சத்தத்தில் அவன் வாசலுக்கு வந்துவிட்டான். ஆனால் சுற்றிவளைப்பு மத்தியானம் தாண்டித்தான் முடிந்தது. அதுவரை உம்மா அசையவில்லை. அசையாமல் இருந்து என்னைக் காப்பாற்றினார், சாமானைக் கெடுத்துவிட்டார்.

எடுத்துப் பார்த்தேன். நடுப்பகுதி உம்மாவின் பாரத்தில் பதிந்து, இரண்டு நுனியும் கட்டிலின் இரு பக்கச் சட்டங்களில் முட்டி, நுனிகளில் பின்விளிம்பு மேலே வளைந்து, ஈரப் பசை அப்படியே காய்ந்துபோய்விட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைவு. மெத்தையில் இருந்து ஒப்பாரி வைத்தேன். உம்மாவும் சேர்ந்து அழுதார்.

மறுநாள் குப்பைக்குப் போட ஸ்ரோருக்குக் கொண்டுபோனேன். பௌஸி, "போடத்தானே போறீங்க, ஒருக்கா எறிஞ்சிட்டுப் போடுங்களேன்" என்றார். வெறுப்பில் இடக்கையால், பார்க்காமல் எறிந்தேன். மூக்கு சுவர்ப் பக்கம் போனது. ஒருதரம் தலையை ஆட்டியது. பிறகு தம்பி, அதுவாகவே நேருக்கு வந்து, கொட்டிலின் மற்றக் கதவு வரைக்கும் போய், கோழி இறங்குவது போல இறங்கியது. பௌஸி கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டார். அன்று முழுக்கக் கண்டபடி எறிந்தோம். ஒவ்வொரு தரமும் நேருக்கு வந்தது.

இதை இப்படியே விடுவதா, தட்டி நேராக்குவதா? கெதியாக எழுது.

அக்கா.


மறியற்சாலை,
10 ஓகஸ்ட் 1997.

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று கேட்டால் இன்றைக்கு உண்மையாகவே சுகம். உங்கள் கடிதத்தை வேலுசாமி வாசிக்க, பக்கத்து அறைக்காரரும் கம்பியில் காதை வைத்துக் கேட்டார்கள். உம்மா வந்த இடத்தில் எல்லோரும் சிரித்த சிரிப்பில் காவலாளி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

தயவுசெய்து தட்டி நேராக்க வேண்டாம். வால் இல்லை என்று நான் இரண்டு வருடமாகத் தலையை உடைத்தேன். வால் இருக்கிறது அக்கா, செட்டை நுனிதான் வால். செட்டை பின்னுக்குச் சாய்ந்திருப்பதால் நுனிகள்தான் எல்லாவற்றுக்கும் பின்னால் வருகின்றன. நான் அவற்றையும் பாரம் தூக்க வைத்தேன். பாரம் தூக்குகிற நுனி காற்றில் இழுபட்டு மூக்கைத் திருப்பிவிடும். பின்விளிம்பு மேலே வளைந்தால் நுனி பாரம் தூக்குவதை விட்டுவிடும். பிறகு அதற்கு ஒரே வேலைதான், பின்னால் வந்துகொண்டு மூக்கை நேராகப் பிடிப்பது. நான் நுனியை முறுக்க நினைக்கவே இல்லை. உம்மா படுத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டார்.

வரைபடம் மேலிருந்து பார்த்துக் கீறியது. அளவு ஒன்றும் மாறவில்லை. ஆனால் மறைக்கவும் வேண்டாம். கேட்டால், நுனி வளைந்திருக்கிறது என்று சிவானந்தன் ஐயா சொல்லட்டும். வெயிலில் வைக்காதீர்கள், வளைவு போய்விடும்.

செப்டெம்பர் நடுவில் வழக்குத் தவணை என்று சொன்னார்கள். அன்று என்னைப் பார்க்கும்போது அழக்கூடாது. நீங்கள் அழுதால் எனக்குக் கை நடுங்கும்.

உங்கள் தம்பி.


கொட்டாஞ்சேனை,
28 செப்டெம்பர் 1997.

அன்புள்ள தம்பி வேலுசாமிக்கு,

லாசின் அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகத்தை இத்தனை மாதமாக நான் தனியாகக் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். உங்களுக்கு நெஞ்சுச் சளி என்று லாஸ் சொன்னான், குறைந்ததா? வாசிக்கிற ஐயாவுக்கும் வணக்கம். இந்தக் கடிதத்தில் பூச வேண்டிய வரி ஒன்றும் இல்லை.

அன்று நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கோட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் வைத்துத்தான் நடந்தது. இன்ஸ்பெக்டர் செட்டையை வரைபடத்தின் மேல் வைத்து அளந்தார். நுனி வளைவைக் கேட்டார், சிவானந்தன் மறைக்காமல் சொன்னார், நீதவான் கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு இன்ஸ்பெக்டர் மூக்கு மெழுகைக் கிண்டி, சுருவத்தை வெளியே எடுத்தார். "மே மொகத்த?" என்றார். "அந்தோனியார்" என்றேன். பிறகு அவரே திருப்பி வைத்து, மெழுகை விரலால் அழுத்திவிட்டார்.

லாசை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். வலக்கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் மூடவில்லை. ரின் மூடி தோளை வெட்டாது என்பது எனக்கு ஜூலை மாதமே தெரியும், ஆனாலும் தெரிவது வேறு, பார்ப்பது வேறு. நான் அழவில்லை. சொண்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இடக்கையால் வாங்கினான். என்னைப் பார்த்தான். எறிந்தான். படுமோசமான எறி, தம்பி. கடற்காற்று வேறு. மூக்கு நேரே மறியல் பஸ் பக்கம் திரும்பியது. யாரோ சிரித்தார்கள். அது ஒருதரம் தலையை ஆட்டியது, நேருக்கு வந்தது, மைதானத்தின் மற்றக் கரைக் கம்பி வேலி வரைக்கும் போய் மெல்ல இறங்கியது. நீதவான், "இன்னொருதரம்" என்றார். ஒரு பொலிஸ்காரர் ஓடிப்போய் எடுத்துவந்தார். இரண்டாவதும் கோணல் எறி, இரண்டாவதும் நேராகப் போனது.

அதற்குப் பிறகுதான் நீதவான் கேட்டார், ஏன் இடக்கையால் எறிகிறாய் என்று. லாஸ், "வலக்கை ஏலாது ஐயா" என்றான். எப்போதிருந்து என்று கேட்டார். "ஜனவரியிலிருந்து" என்றான். ஜனவரியில்தான் அவனைப் பிடித்தார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நீதவான் நெடுநேரம் எழுதினார். இன்ஸ்பெக்டர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று பின்னேரமே விட்டுவிட்டார்கள். கையைப் பற்றித் தனியாக விசாரிக்கவும் கட்டளை போட்டிருக்கிறார். டொக்டர் பார்க்கிறார், பாதி குணமாகும் என்கிறார். பாதியும் எங்களுக்குப் பெரிது.

அரை வருடமாக அந்தக் கையை உங்கள் வடிவான எழுத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தீர்கள். உங்கள் மேல் ஒருநாள் கோபமாக இருந்தேன். பிறகு, அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்ததும், சட்டை போட்டுவிட்டதும் நீங்கள்தான் என்று லாஸ் சொன்னான். இனிமேல் கோபம் இல்லை, என் உயிர் இருக்கும்வரை இல்லை.

இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதுகிறான், இடக்கையால். எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் கடிதம் உங்களுக்குத்தான் எழுதவேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான்.

உங்களைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை என்றும், உங்களுக்கு லோயர் இல்லை என்றும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பார்சலோடு வருகிறேன். திருப்பிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவேன். சிவானந்தனிடம் பேசிவிட்டேன், கண்ணாடியைத் துடைக்காமல் சரி என்றார்.

உங்கள் மேல் என்ன வழக்கு, அதில் நாங்கள் என்ன செய்து காட்டவேண்டும் என்று விவரமாக எழுதுங்கள். செய்து காட்டுவோம்.

அன்புடன்,
கொறற்றி அக்கா.

எழுதியது: லாஸ்.